குழாய்ச் சுவரில் ஒட்டிய ஊதா

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் ஊதாம்மா. பத்து வருடம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, நாற்பது வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர். ஒரு பாக்டீரியா உண்டாக்கும் ஊதாச் சாயத்தில் மருந்துக் குணம் இருக்கிறதா என்று மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்களில் சாயத்தை விட்டு, எத்தனை சாகின்றன என்று எண்ணுவார். அங்கே குழாய்களையும் தட்டுகளையும் கழுவுவது என் வேலை.

செல்களுக்குச் சத்துநீர் மாற்றும்போது, "வயிறு நிறைஞ்சுதா கண்ணுங்களா?" என்று கேட்பார்.

"நாளைக்குக் கொல்லப்போறதுக்கு இன்னைக்கு என்ன உபசாரம்?" என்று பேராசிரியர் கேலி செய்வார்.

முதல் சோதனையில் செல்கள் செத்தன. அடுத்த இரண்டிலும் ஒன்றும் ஆகவில்லை.

"உங்க மருந்துக்கு நாளுக்கொரு புத்தியாம்மா? இன்னும் ஒரு தடவை பாருங்க. இல்லேன்னா மூட்டை கட்டிடலாம்" என்றார் பேராசிரியர். ஊதாம்மா நான் கழுவும் தொட்டியருகே வந்து, சுத்தமாக இருந்த கையையே வெகுநேரம் கழுவினார்.

முதல் சோதனைக்குக் கண்ணாடிக் குழாய்கள். பிறகு பிளாஸ்டிக் வந்தது. சோதனைக்கு முந்தின நாளே மருந்தைத் தண்ணீரில் கலந்து அதில் வைத்துவிடுவார். எறியுமுன் நான் அலசும்போது, தண்ணீர் போன பிறகும் சுவரில் ஊதா நிற்கும். சொல்லப் பயந்து இரண்டு நாள் அதை மனசிலேயே வைத்திருந்தேன்.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுமா? தப்புன்னா விட்டுடுங்க."

"சொல்லுங்கக்கா."

"மருந்து இதுலயே ஒட்டிக்கிட்டு நிக்குது. அப்ப செல்லுக்குப் போனது வெறும் தண்ணியா?"

குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடக் கடவுளே! இத்தனை நாளா சுவருக்கா வைத்தியம் பார்த்தேன்!"

சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

மறுபடி கண்ணாடிக் குழாய். காலையில் கலந்து உடனே விட்டார். மருந்து கூடக் கூடச் செல்கள் அதிகம் செத்தன. மருந்து விடாதவை நன்றாக இருந்தன. நம்பாமல் இன்னும் இரண்டு முறை செய்தார். அதே கணக்கு.

பேராசிரியர் தாளைப் படித்துவிட்டு, "தொடருங்கம்மா" என்றார்.

"பிடிச்சது நான் இல்ல சார், இவங்க" என்று என் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டார் ஊதாம்மா. நான் தரையைத்தான் பார்த்தேன்.

எட்டாவதோடு நின்றவள் நான். "உனக்கென்ன தெரியும்" என்று ஊதாம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்படியே வாயை மூடியிருப்பேன். அவர் சொல்லவில்லை. அந்த நன்றி எனக்குத் தீராது. இது மனிதருக்கு மருந்தாக எத்தனையோ வருடம் ஆகுமாம். ஆகட்டும். அவர் வேலை நிற்கவில்லை.