செவலையின் தீனிப்பை

மேல் வீட்டிலிருந்து நல்லெண்ணெய் காயும் வாசனை இறங்கினால் போதும், இப்போது அடுக்குமாடியின் கார்கள் நிற்கிற இதே இடத்தில், எங்கள் பழைய முடிச்சூர் வீட்டுக் கொல்லையில், ஆசிரியையான அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் செவலைக்கோழியை மடியில் அணைத்து, விடிவதற்குள் காலியாகியிருக்க வேண்டிய அதன் கழுத்தடித் தீனிப்பையை எண்ணெய் தொட்டுத் தொட்டு நீவிக்கொண்டிருப்பாள்.

“மூணு நாளா பட்டினி போட்டும் இறங்கலையேடி, ஏதோ அடைச்சிருக்கு.”

அதன் பட்டினியைப் பார்க்கப் பொறுக்காமல், அவள் எழுவதற்கு முன்பே தினமும் கூண்டுக்குள் சோறு வைத்தது நான்தான். சொல்லப் பயம்.

“சாகறதுக்குள்ள அறுத்துடலாம்” என்றார் அப்பா, ஞாயிற்றுக்கிழமை காலையில்.

அறுத்த கோழியின் பையைக் கீறிய அம்மா, உள்ளேயிருந்த வெள்ளைச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மதியம் எல்லோருக்கும் கோழிக்குழம்பு. என் தட்டில் மட்டும் ரசம் ஊற்றினாள்.