ஒற்றைக்கண் பச்சோந்தியின் கூண்டு

தான் நம்பாத ஓர் ஊர்க்கட்டுப்பாட்டுக்கு ஒருவர் எவ்வளவு தூரம் வளைந்துகொடுக்கலாம்? பகுலி இதை வாய்விட்டுக் கேட்டதில்லை. கேள்விகளில் அவளுக்கு நாட்டமும் கிடையாது. ஆனாலும் அவள் வாழ்ந்த விதத்தைத் திரும்பிப் பார்க்கும்போது இந்தக் கேள்விதான் மிஞ்சி நிற்கிறது.

மொராமங்கா நகரத்துக்கு இறங்கும் மலைச்சாலையில் எங்கள் ஊர். பச்சோந்தியை இங்கே யாரும் தொடமாட்டார்கள். விரல் நீட்டிக் காட்டவும் மாட்டார்கள். காட்டியே ஆகவேண்டுமென்றால் விரலை மடக்கி முட்டியால் காட்டுவார்கள். அது சாலையைக் கடந்தால் லாரியும் நின்று வழிவிடும். அதன் ஒரு கண் போனவர்களைப் பார்க்கிறது, மற்றது வரப்போகிறவர்களைப் பார்க்கிறது. அதைக் கொன்றவன் வீட்டில் பிள்ளைகள் தங்காது. இதெல்லாம் இங்கே பேச்சுக்குரிய விஷயமே அல்ல, மழை மேலிருந்து பெய்கிறது என்பதைப்போல.

வெளிநாட்டுக்குப் பச்சோந்தி அனுப்பும் பண்ணைக்குப் பகுலி வேலைக்குப் போனது கணவன் ரவெலு இறந்த பிறகு. வேறு வேலை கிடைக்கவில்லை. அதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறகு பண்ணையை மூடினார்கள். மிச்சமிருந்தவற்றைக் காட்டில் விட்டார்கள். அவற்றில் ஒன்றுக்கு இடது கண் குருடு. இரண்டு கண்ணும் ஒரே இடத்தில் குவிந்தால்தான் அதன் நாக்கு குறி தப்பாமல் இரையில் படும். காட்டில் அது பட்டினியால் சாகும். பகுலி அதைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"எந்தக் கண்ணுடி போச்சு? முன்னாடி பாக்குறதா, பின்னாடி பாக்குறதா?" என்று பக்கத்து வீட்டு ஸோலின் வேலிக்கு அந்தப்புறமிருந்தே கேட்டாள். சாலையோரம் அரிசி அப்பம் சுட்டு விற்பவள்.

"தெரியலக்கா. நீயே வந்து கேட்டுப் பாரு."

"எனக்கு எதுக்கு வம்பு? என் வீட்டுக்காரன் இன்னைக்கு எத்தனை மணிக்குத் தள்ளாடிட்டு வருவான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

கூண்டைப் பகுலியே கட்டினாள். நான்கு பக்கமும் கம்பிவலை. காற்று தேங்கினால் அதற்கு மூச்சுக்கோளாறு வரும். ஆள் உயரம், ஏனென்றால் உயரத்தில் இருந்தால்தான் அதற்குப் பயம் தெளியும். உள்ளே தொட்டியில் ஒரு காப்பிச் செடி. குறுக்கே கொய்யாக் கிளைகள், சில விரல் தடிமன், சில மணிக்கட்டுத் தடிமன். எல்லாம் ஒரே தடிமனாக இருந்தால் பாதத்தில் புண் வருமாம். மேல்பாதியில் காலை வெயில், கீழ்ப்பாதியில் நிழல். எது வேண்டுமோ அதற்கு அது நகர்ந்துகொள்ளும். கிண்ணத்துத் தண்ணீரை அது தண்ணீர் என்று கண்டுகொள்ளாது, இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். அதனால் கூரையில் ஆணியால் துளையிட்ட ஒரு தகர டப்பா சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் மண் போடவில்லை. வெறும் பலகை, தினமும் துடைப்பாள். வெட்டுக்கிளிகளுக்கு முதலில் கீரை போட்டுக் கொழுக்கவைத்து, பிறகு நல்ல கண் இருக்கும் பக்கமாகக் குச்சியில் பிடித்து, வாய்க்கு அருகில் நீட்டுவாள். கையில் எடுத்துக் கொஞ்சியதே இல்லை. "அதுக்குப் பிடிக்காது" என்பாள், அவ்வளவுதான்.

இத்தனை கவனத்தை அவள் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில்லை. ஸோலின் காய்ச்சலில் கிடந்தபோது வேலியைத் தாண்டவில்லை. ஊரும் பதிலுக்கு அவள் கைச்சோற்றை வாங்குவதை நிறுத்திக்கொண்டது. அவளுக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: குடும்பக் கல்லறையில் ரவெலுவின் பக்கத்தில் ஓர் இடம். கல்லறையில் சேராதவர் இங்கே செத்தும் அநாதைதான்.

அந்த இடம் ரவெலுவின் தம்பி நைவுவின் கையில் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் கல்லறையைத் திறந்து, எலும்புகளுக்குப் புதுப் பட்டு போர்த்தும் விழாவை நைவு ஏற்பாடு செய்தான். அதற்கு முன் பகுலியைப் பார்க்க வந்தான். கூண்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டே பேசினான்.

"அண்ணி, விழாவுக்குள்ள அதைக் காட்டுல விட்டுருங்க."

"விட்டா செத்துரும் தம்பி."

"அப்பாவையும் அண்ணனையும் தோள்ல தூக்கிட்டு இந்த வழியாத்தான் ஊரைச் சுத்தி வர்றோம். அது பாத்துச்சுன்னா?"

"ஒத்தக் கண்ணுதானே? பாதிதான் பாக்கும்."

நைவு சிரிக்கவில்லை. "உங்களுக்கு விளையாட்டா இருக்கு. நாளைக்கு உங்களை அண்ணன் பக்கத்துல படுக்க வைக்கிறதா வேண்டாமான்னு சொல்லப்போறவன் நான். ஞாபகம் வச்சுக்குங்க."

பகுலி கூண்டையும் சாலையையும் கண்ணால் அளந்தாள். பிறகு, "சாலைப் பக்கம் ஓலைத்தட்டி கட்டி மறைச்சிடுறேன். மத்த பக்கம் காத்து வேணும்" என்றாள். அவனும் தலையாட்டிவிட்டுப் போனான்.

விழா நாளில் அவள் காலையிலேயே கல்லறை இருக்கும் மலைக்குப் போனாள். ரவெலுவைப் புதுப் பட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மற்ற விதவைகளோடு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஆண்கள் மட்டும் எலும்புகளைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றப் போவார்கள். அதற்கு முன்பே கீழே வந்திருந்த நைவுவுக்கு ஓலைத்தட்டி போதாது என்று பட்டுவிட்டது. கூண்டின் உச்சிக்கு ஏறினால் அது தட்டிக்கு மேலாகப் பார்க்குமே! பந்தலுக்கு வாங்கிய தார்ப்பாயை எடுத்துவந்து, கூண்டு முழுவதையும் மூடிக் கீழே கயிறு இறுக்கிக் கட்டினான். அதற்குத் தீங்கு செய்யும் எண்ணம் அவனுக்குத் துளியும் இல்லை. அப்படி ஓர் எண்ணம் வந்தாலே நடுங்கிப் போயிருப்பான். உள்ளே இருப்பதன் கண்ணில் பட்டுவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே கட்டினான். ஆகவே எதை மூடுகிறோம் என்பதை அவன் பார்க்கவில்லை. ஊர்வலம் வந்தது, போனது. மேளமும் சாராயமும் இருந்தன. கயிற்றை அவிழ்க்க யாருக்கும் நினைவில்லை.

மதியத்துக்குமேல் பகுலி திரும்பிவந்து தார்ப்பாயை இழுத்தபோது அடுப்பைத் திறந்ததுபோல் வெக்கை அடித்தது. பச்சோந்தி அடிப்பலகையில், செடித்தொட்டியின் ஈரத்தை ஒட்டிக் கிடந்தது. கிளைகளையெல்லாம் விட்டு அவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது.

அடுத்து நடந்ததை ஸோலின் வேலியோரம் நின்று கேட்டிருக்கிறாள். செய்தி அறிந்து ஓடிவந்த நைவு மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி, நான் கொல்லல. மூடத்தான் செஞ்சேன்."

"தெரியும்."

"என் வீட்டுல மூணு பிள்ளைங்க இருக்கு அண்ணி. ஊருக்குத் தெரிஞ்சா என்னைக் கல்லறைப் பக்கமே விடமாட்டாங்க. நீங்க... தண்ணி வைக்க மறந்துட்டேன்னு சொல்லிருங்களேன். உங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே. ஏற்கனவே கெட்ட பேரும் இருக்கு."

"நல்லா யோசிச்சிருக்க."

"மறந்தது கொன்னதாகாது, பெரியவங்க தண்ணி தெளிச்சுக் குத்தத்தை எடுத்துருவாங்க. அண்ணன் பக்கத்துல உங்களுக்கு இடம். ஊர் முன்னாடி வாக்குக் குடுக்கிறேன்."

மறுநாள் ஊர் கூடியது. பகுலி எழுந்து, "டப்பாவுல தண்ணி ஊத்த மறந்துட்டேன்" என்றாள். வாழ்நாளில் அவள் செய்யாத ஒரே பிழை அதுவாகத்தான் இருக்கும். பெரியவர்கள் அவள் தலையில் நீர் தெளித்தார்கள். நைவு பரிகார விருந்துக்கு ஒரு மாட்டை அறுத்தான், வாக்கும் கொடுத்தான். அன்றிலிருந்து அவள் கைச்சோற்றை எல்லோரும் வாங்கிச் சாப்பிட்டார்கள். இவ்வளவு மலிவாக ஒரு மனிதரை ஊருக்குள் திரும்பச் சேர்த்துக்கொள்ள முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

சில வருடங்கள் போயின. பகுலிக்கு நெஞ்சில் நீர் கோத்தது. நைவு சோறும் கறியும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "இடத்தைப் பெருக்கி வச்சிருக்கேன் அண்ணி. அண்ணனுக்கு வலப்பக்கம்."

பகுலி பாதிரியாரைக் கூப்பிடச் சொன்னாள். தேவாலயத்தின் பின்னே, குடும்பம் இல்லாத வழிப்போக்கர்களைப் புதைக்கும் சுவரோரம் தனக்குக் குழி வெட்டும்படி, ஸோலின், நைவு இருவர் காதிலும் விழ அவரிடம் சொன்னாள்.

"என்ன அண்ணி இது! நான் குடுத்த வாக்கு என்னாகுறது? எங்க அண்ணன் தனியா கிடக்கணுமா?"

"சாப்பிட்டியா தம்பி?" என்றாள் பகுலி.

அவன் போனபிறகு ஸோலின் கட்டிலை நெருங்கிவந்து, "ஏன்டி? இதுக்காகத்தானே அன்னைக்கு ஊர் முன்னாடி அப்படிச் சொன்ன?" என்று கேட்டாள். பகுலி வாசலில் இன்னும் காலியாக நின்ற கூண்டின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுவரோரத்துச் சிவப்பு மண்ணில்தான் அவளைப் புதைத்தோம்.