பெசமினோ போர்த்திய பாய்

பெசமினோ மேடையேறினாலே சபை சிரிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் தீவின் ஆபியா நகரில் எந்தச் சர்ச் விழாவானாலும் பாவாடை கட்டிய அத்தை வேஷம் அவனுக்குத்தான். இருபத்தேழு வயதுவரை வேறெதையும் அவன் தொட்டதில்லை.

நாடக ஆடிஷனுக்கு அவனை இழுத்துப்போனவன் அவன் சிநேகிதனான நான். எங்கள் ஊரின் முதல் பட்டதாரி என்ற மிதப்பு.

"எத்தனை நாளைக்குடா பாவாடையும் கையுமா திரிவே? ஜனங்களை அழ வைடா."

"அழ வச்சது போதாதா, படிச்ச மேதாவி?"

எட்டு வருஷத்துக்கு முன் இவன் ஓட்டிய பிக்கப் வண்டி எங்கள் ஊர்ப் பெண் மசினாவின் காலை நசுக்கியது. அடி விழும் என்று பயந்து வீட்டார் அன்றே இவனைச் சவாய் தீவுக்குப் படகேற்றிவிட்டார்கள். அவள் வீட்டு வாசலில் மன்னிப்புப் பாயைத் தலையோடு போர்த்தி உட்கார்ந்தது இவன் அப்பா. அடிபட்ட வீட்டார் வந்து பாயைத் தூக்கினால்தான் மன்னித்ததாக எங்கள் வழக்கம். இவன் அதை மறந்திருப்பான் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

வசனத்தாளை ஆடிஷனில்தான் நீட்டினார்கள். வண்டியால் இடித்தவன் பாய்க்குள் உட்காரும் காட்சி. பாயைத் தூக்கவேண்டிய அடிபட்ட வீட்டு ஆளின் வசனத்தைப் படிக்க என்னை நிற்கவைத்தார்கள். ஆக்லாந்திலிருந்து வந்திருந்த இயக்குநர் இரண்டு நிமிஷத்தில், "போதும், எந்திரிங்க" என்றார்.

"அவங்க தூக்காம நான் எப்படி எந்திரிக்கிறது?" பாய்க்குள்ளிருந்து குரல்.

இயக்குநர் அசந்துபோனார். நான் பாயைத் தூக்கினேன். முகம் முழுக்க ஈரம். வேஷம் அவனுக்கே என்றார்கள்.

மறுநாள் காலை அவன் மசினாவின் கடைவாசலில் நிஜமாகவே பாயைப் போர்த்தி உட்கார்ந்தான்.

"எங்கப்பா அன்னிக்கே தூக்கிட்டாரே. இப்ப என்ன புதுசா?" என்றாள் மசினா.

"அது எங்கப்பாவுக்குத் தூக்கினது."

"ஓ! நான் என்னவோ நாடகத்துக்கு ஒத்திகைன்னு நினைச்சேன்."

பாய் அசையவில்லை. அவள் உள்ளே போய் ஒருத்திக்கு மீன் டின் விற்றாள். வெயில் ஏறியது. நான் தண்ணீர் கொண்டுபோனேன்.

"நீ தள்ளு, பட்டதாரி. அவன் குடிக்கணும்னா கேப்பான்."

அவன் கேட்கவில்லை. உச்சிவெயிலில் அவள் காலை இழுத்து இழுத்து வந்து பாயைத் தூக்கினாள்.

"போய் நடி. என்னைப் பார்க்கக் கூப்பிடாதே."

நாடகம் மூன்று வாரமாக நடக்கிறது. கூட்டம் அழுகிறதாம். நான் வாசலில் டிக்கெட் கிழிப்பதோடு சரி. உள்ளே போய் உட்கார, அவனை இதில் இழுத்துவிட்ட எனக்கு இன்னும் முகமில்லை.