ஸ்கூட்டருக்கு நிழல் வாங்கப் போன கதை

வானவடியில் எங்கள் குடியிருப்பின் குல்மோகர் மரம் போன மழைக்காலத்தில் வேரோடு சாய்ந்தது. அடியில் நின்ற என் ஸ்கூட்டருக்குக் கண்ணாடி மட்டும்தான் போனது. நிழல் போனதுதான் பெரிய இழப்பு. மே மாத மத்தியானத்தில் அந்த சீட்டில் உட்கார்ந்தவருக்குத்தான் என் வேதனை புரியும். அதனால் ஜூன் முதல் ஞாயிறு, நானும் மனைவி வசந்தியும் மரக்கன்று வாங்கக் கிளம்பினோம்.

சோலாப்பூர் சாலையில் ஹடப்சரைத் தாண்டினால் வரிசையாக நர்சரிகள். எங்கள் வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். ஏழரைக்குக் கிளம்பினால் நெரிசல் இருக்காது. வழியில் போஹா, அதாவது அவல் உப்புமா, சாப்பிட்டே தீரவேண்டும் என்று நான் அடம்பிடித்ததில், போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதுவரை ஒரே விவாதம். அடுத்த கோடைக்குள் நிழல் தரும் மரம்தான் எனக்கு வேண்டும்.

"சட்டுனு வளர்ந்தது சட்டுனு விழுந்ததைப் பார்த்தீங்கல்ல? நமக்கப்புறமும் நிக்கிற மரமா வாங்கணும்" என்றாள் பின்சீட்டிலிருந்து. ஹெல்மெட் போட்டிருந்ததால் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நர்சரிக்காரரிடம் ஒரு கன்றைக் காட்டி, சீக்கிரம் வளருமா என்று இந்தியில் கேட்டேன். "சலேகா" என்றார், அதாவது 'சரிப்படும்'. நூறு வருஷம் இருக்குமா என்று வசந்தி கேட்டாள். அதற்கும் "சலேகா." நல்ல மனிதர், யார் மனதையும் நோகடிக்கமாட்டார்.

அவருடைய தகரக் கொட்டகையை ஒட்டி ஒரு வேம்பு கூரையையே முட்டித் தூக்கிக்கொண்டிருந்தது. அதன் காலடியில், கறுப்புப் பையில், இடுப்பளவுகூட இல்லாத இன்னொரு வேம்பு. இரண்டும் ஒரே நாளில் வந்த கன்றுகளாம். ஒன்று பையைக் கிழித்துத் தரையில் வேர்விட்டுவிட்டது, மற்றது விற்காமல் பைக்குள்ளேயே கிடக்கிறது என்று எரிச்சலோடு சொன்னார்.

"என்னங்க, மரம் விழுந்த நம்ம குழி எவ்ளோ பெருசு?" என்றாள் வசந்தி.

இரண்டடிக்கு இரண்டடி. சுற்றிலும் சிமெண்ட்.

"அப்ப எதை வச்சாலும் இந்தப் பை மாதிரிதானே? அந்த குல்மோகரை ஒரு வருஷமா திட்டறீங்களே, பாவம், கால் ஊனறதுக்கு அதுக்கு எடம் குடுத்தோமா?"

"குழியைப் பெருசாக்கிட்டா போச்சு" என்றேன் வீராப்பாக.

"ஆக்கலாம். பக்கத்துல என்ன இருக்கு?"

பக்கத்தில் என் ஸ்கூட்டர் நிறுத்தும் இடம் இருக்கிறது.

நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு சின்ன வேப்பங்கன்று வாங்கினோம். வசந்தி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த ஞாயிறு ஆட்கள் வந்து சிமெண்ட்டை உடைத்தார்கள், கன்றை நட்டோம். இடம் பறிபோன ஸ்கூட்டர் இப்போது கேட் பக்கம் மொட்டை வெயிலில் நிற்கிறது. அதற்கென்று நல்ல உறை ஒன்று வாங்கிப் போட்டேன்.

நீங்களும் போவதாக இருந்தால், கன்றைப் பார்க்கும் முன் குழியை அளந்துகொள்ளுங்கள். பைக்குள் வேர் சுருண்ட கன்று எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். போஹாவைத் திரும்பும்போது சாப்பிடலாம்.

மழை இன்னும் வரவில்லை. நேற்று மத்தியானம் வேம்பைப் போய்ப் பார்த்தேன். புதிதாக நான்கு இலை விட்டிருந்தது. எனக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்குச் சந்தோஷம். வெயில் படாமலிருக்க நான்கு குச்சி நட்டு, மேலே என் ஸ்கூட்டர் உறையைக் கட்டியிருந்தாள் வசந்தி.