கூரைகளின் மேல் என் வீட்டுக்காரர்

அரியலூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு ஒரு நாள் காலையில் ஜீப்பில் இரண்டு அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். என் வீட்டுக்காரர் அப்போது பல் விளக்கிக்கொண்டிருந்தார். சிமெண்ட் லாரி ஓட்டியவர். இடுப்பு வலி வந்து அதை விட்டபின், திருச்சிக்காரர் ஒருவருக்கு மனை விற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"புரோக்கர் பதிவு நம்பர் சொல்லுங்க" என்றார் மூத்தவர். வாயில் நுரையோடு இவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பதிவு உண்டு என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

"நீங்க விக்கிற எடத்துக்கு அனுமதியும் கெடையாது. பதிவில்லாம வித்தா நாளுக்குப் பத்தாயிரம் அபராதம் கட்டணுங்க. உங்க வெளம்பரம் தொங்குற வரைக்கும் நீங்க வித்துக்கிட்டிருக்கீங்கன்னுதான் அர்த்தம். திங்கக்கெழம விசாரணைக்கு வந்துடுங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர்கள் போனபின் வீட்டில் விற்க என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தேன். தையல் மிஷின் ஒன்றுதான் கண்ணில் பட்டது.

திருச்சிக்காரர் போனை அணைத்துவிட்டார். ரோட்டோரக் கம்பங்களில் கட்டியிருந்த பிளெக்ஸ் பேனர்களில் இருந்ததோ இவர் முகமும் இவர் நம்பரும்தான். கோட்டு ஸ்டூடியோக்காரருடையது, சிரிப்பு மட்டும் சொந்தம்.

"எல்லாத்தையும் அவுத்துடலாம் புள்ள, வண்டில ஏறு" என்றார்.

ஐப்பசித் தூறலில் ஆண்டிமடம் வரை போனோம். கட்டிய கம்பங்களில் ஒன்றுகூட இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். எங்கள் பக்கம் பிளெக்ஸ் எங்கே போகும் என்று தெரிந்தும் மறந்திருக்கிறேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். கொஞ்ச தூரத்தில் ஓர் ஆட்டுக் கொட்டகையின் மேல் இவர் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஊரில் வைக்கோல் போரின் மேல் தலைகீழாக. ஒரு குளியல் மறைப்பில் பாதி முகம், முழு நம்பர்.

"எலக்சன்ல நின்னாக்கூட ஒங்கள இத்தன பேரு தூக்கி வெச்சிருக்க மாட்டாங்க" என்றேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். எதிரே வந்த ஜீப்பெல்லாம் எங்களைப் பிடிக்கவே வருவது போலிருந்தது. கெஞ்சியும், பதிலுக்குத் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தும் ஒவ்வொன்றாக இறக்கினோம்.

கடைசியாகப் பெரம்பலூர் ரோட்டில் இவர் விற்ற மனைக்கே போனோம். வெள்ளையடித்த கற்களுக்கு நடுவே ஒரே ஒரு குடிசை. அதன் கூரையிலும் இவர்தான். இறங்கியதுமே போய்க் கயிற்றில் கை வைத்தார்.

உள்ளிருந்து ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு ஓடி வந்தாள். இவரிடம் மனை வாங்கியவள்.

"வாங்கண்ணே, வாங்கக்கா! ஒழுவுதான்னு பாக்க வந்தீங்களா? இது மேல போட்டதுலேருந்து ஒரு சொட்டு எறங்கலண்ணே."

பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"தாலியைத் தவுர எல்லாத்தையும் வித்து வாங்குன எடம். கரண்டு கேட்டுப் போனா, அனுமதியில்லாத மனைங்கறாங்க. எம் வூட்டுக்காரருக்கு ஒரே பயம். நாந்தான் சொன்னேன், அண்ணன் நம்பரு நம்ம வூட்டு மேலயே இருக்கு, அவரு எங்க போயிடப் போறாருன்னு."

மழை வலுத்தது. கயிற்றை அவிழ்க்கப் போன கை அப்படியே நின்றது. பிறகு, தளர்ந்திருந்த அந்த முடிச்சை இவர் இறுக்கிக் கட்டினார்.

திரும்பும்போது எதிரே ஜீப் வந்ததா என்று நான் பார்க்கவில்லை. பின்னால் உட்கார்ந்து இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்தப் பெண் போன் செய்தால் என்ன சொல்வது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.