கிறீம் நிறச் சைடிங்கும் ஒன்பது பொருத்தமும்

எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்தால் முதுகில் வெள்ளை ஒட்டும். கீழ்ப்பாதி செங்கல், மேற்பாதி பழைய அலுமினியச் சைடிங், சுவருக்கு மேலால் அடிக்கிற தகடு. எந்தக் காலத்தில் அடித்ததோ, அதன் பூச்சு மாவாகிப் போயிருந்தது. கோயிலுக்குப் போகாமலே எனக்குத் தோள் முழுக்கத் திருநீறு. ரொறன்ரோ சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறை அப்பாட்மென்ரில் நெருக்கியடித்துக் கிடந்த எங்களுக்கு ஸ்காபரோ வோபர்னில் ஒரு சொந்த வீடு கிடைத்ததே பெரிய காரியம். அதன் வெளிச்சுவரைப் பற்றி யார் கவலைப்பட்டது?

குளிர்தான் கவலைப்பட வைத்தது. சைடிங் இடுக்குகளால் காற்றுப் புகுந்து, படுக்கையறையில் தொப்பியோடு படுத்தோம். மனைவி சொல்லிவிட்டாள்: "இஞ்சாருங்கோ, இந்தச் சமர் வெயிலுக்குள்ளை உதை மாத்துங்கோ. இல்லாட்டி நான் திரும்பவும் அப்பாட்மென்ருக்குப் போயிடுவன்."

வேலையிடத்தில் ஒருவர், சைடிங் அடிக்கிற தமிழாள் ஒருவர் இருக்கிறார், கைசுத்தமான வேலை என்றார். நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். வினையை நானே விலை கொடுத்து வாங்கினேன்.

சனிக்கிழமை காலை வேன் வந்து நின்றது. இறங்கியவன் நல்ல உயரம். தலை நிறையத் தலைமயிர். எனக்கு அந்த நாளிலேயே நெற்றி உச்சிவரை ஏறிவிட்டது. "வணக்கம் அண்ணை," என்றான். என்னைவிட மூத்தவன் என்று பார்த்த உடனே தெரிகிறது, அவனுக்கு நான் அண்ணையாம்! சரி, ரொறன்ரோவில் எல்லாருக்கும் எல்லாரும் அண்ணைதானே என்று விட்டுவிட்டேன்.

மனைவி வெளியே வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"நீங்களோ!" என்றாள்.

"ஓம், நான்தான்," என்றான்.

ஒரே ஊராம். மனைவியின் தாய்வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி அவனுடைய வீடாம். அவ்வளவுதான் எனக்குச் சொன்னார்கள்.

தேத்தண்ணி வந்தது. எதில் வந்தது? எங்கள் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைத்திருந்த, பொன்விளிம்பு போட்ட கப்பில். கலியாணத்துக்கு வந்த பரிசு அது. இத்தனை வருடத்தில் அதில் எனக்கு ஒரு மிடறு கிடைத்ததில்லை. அன்றைக்கும் எனக்கு, காஸ் ஸ்ரேசனில் பெற்றோல் அடித்தபோது சும்மா கொடுத்த மக்தான்.

அவன் பெட்டியைத் திறந்து சாம்பிள் துண்டுகளை மேசையில் பரப்பினான். எல்லாம் வைனல், பிளாஸ்ரிக் தகடு. மனைவி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வெளியே போய், செங்கல்லோடு வைத்துப் பார்த்தாள். புடவைக் கடையிலும் அவள் அப்படித்தான், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகாமல் எதையும் நம்பமாட்டாள்.

"உந்தச் செங்கல்லுக்குக் கிறீம்தான் எடுப்பாயிருக்கும்," என்றான் அவன்.

"நானும் அதைத்தான் நினைச்சனான்," என்றாள் அவள்.

நினைத்தாளாம்! மூன்று வருடம் நான் எதைச் சொன்னாலும் "பாப்பம்" என்று சொல்பவள்.

பேச்சுக்கு அவன் கேட்டான், "கலியாணம் ஊரிலையோ அண்ணை?" யார் கேட்டாலும் நான் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னேன். "ஊரிலைதான். பத்துப் பொருத்தத்திலை ஒன்பது. சாத்திரியாரே அசந்துபோனவராம்." எங்கள் அப்பா சாத்திரம் பார்க்க மினக்கெடாத ஆள். பெண் வீட்டார் பார்த்துச் சொன்னது போதும் என்று விட்டுவிட்டார். அந்த ஒன்பதை நான் ஸ்காபரோ முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவன் கப்பைப் பார்த்தான். மனைவி சீனி எடுக்கக் குசினிக்குள் போய்விட்டாள். சீனி மேசையில்தான் இருந்தது.

அவன் போன பிறகு, அந்தக் கப்பைக் கழுவிக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "உவற்றை சாதகக் குறிப்புத்தான் எனக்கு முதன்முதல் வந்தது."

"வந்து?"

"பொருந்தேல்லை எண்டு அப்பா திருப்பி அனுப்பிப்போட்டார்."

ஒரு கப்பைக் கழுவ அவ்வளவு நேரம் வேண்டுமா?

அந்தக் கிழமை முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. பார்சல் பிரிக்கிற இடத்தில் நின்றபடி அதையே நினைத்தேன். கிரகங்கள் மறித்ததால் அவனுக்குப் போகாமல் எனக்கு வந்தவள். மறிக்காமல் விட்டிருந்தால்? சந்தோசமாகப் போயிருப்பாளோ? இப்போது அவனைப் பார்த்ததும் அது ஞாபகம் வந்திருக்குமோ? இன்னொன்றும் அரித்தது. என்னை ஆயிரம் தரம் அண்ணை என்றவன், அவளை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரே ஒருக்கால் "தங்கச்சி" என்று சொல்லியிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை அளவெடுக்க வந்தான். தலைமயிரை நன்றாக வாரியிருந்தான். ஏணியில் ஏறி அளக்கிறவனுக்கு எதற்கு அந்த வாரல்?

"கிறீம் வேண்டாம்," என்றேன். "கடும் பச்சை போடுங்கோ."

"அண்ணை, கடும் நிறம் வெயிலுக்கு வெளிறிப்போடும். கொஞ்ச வருசத்திலை முன்பக்கம் ஒரு நிறம், பின்பக்கம் இன்னொரு நிறமாய் நிக்கும்."

"அவர் சொல்லுறது சரிதானே," என்றாள் மனைவி.

அவர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். "என்ரை ராசிக்குப் பச்சைதான் நல்லதாம். சாத்திரியாரிட்டைக் கேட்டுப்போட்டன்." எந்தச் சாத்திரியாரையும் நான் கேட்கவில்லை. வீட்டுச் சுவருக்குச் சாத்திரம் கேட்கிற அளவுக்கு எனக்கு விசர் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களிடம் சாத்திரம் என்று சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். அந்தத் துணிச்சல்தான்.

அவன் அளவு நாடாவைச் சுருட்டியபடி சிரித்தான். "எனக்கு உதுகளிலை நம்பிக்கை விட்டுப்போச்சு அண்ணை. ஒருக்கா எங்கடை சாத்திரியார் நல்ல பொருத்தம் எண்டார். பொம்பிளை வீட்டுக்காரர் பொருந்தேல்லை எண்டிட்டினம். ரண்டு பக்கமும் பாத்தது ஒரே குறிப்புத்தான்." பிறகு, "யோசிச்சுப்போட்டு போன் பண்ணுங்கோ," என்று வேனில் ஏறினான்.

வேன் கதவு சாத்துப்பட்டதும் நான் மனைவியிடம் திரும்பினேன்.

"பொருந்தினதோ?"

அவள் மாடிப்படியில் இருந்தாள். "ஓம். நல்லாப் பொருந்தினது."

"பிறகேன் பொருந்தேல்லை எண்டு அனுப்பினது?"

"வேண்டாம் எண்டு முகத்துக்கு நேரை சொல்லேலுமே? எல்லாரும் சொல்லுற சாட்டுத்தானே அது. நான்தான் வேண்டாம் எண்டனான்."

"ஏன், ஆளிலை என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. நான் அதுக்கு முன்னமே உங்களைக் கண்டிட்டன்."

எங்கே என்று நான் கேட்கமுதலே அவளே சொன்னாள். "ஊரிலை, கூப்பன் சாமான் குடுக்கிற சங்கக்கடையிலை. ஆரோ ஒரு மனிசிக்குச் சீனி நிறை குறைச்சுப் போட்டினம் எண்டு மனேச்சரோடை கிழிகிழியெண்டு கிழிச்சனீங்கள். நான் பின்னாலை வரிசையிலை நிண்டனான். தரகர் தன்ரை பாட்டிலை உங்கடை வீட்டுக்கு வந்தவர் எண்டோ நினைச்சுக்கொண்டிருக்கிறியள்?"

"அப்ப எங்கடை ஒன்பது பொருத்தம்?"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். "உங்கடை குறிப்பை ஒருத்தரும் பாக்கவேயில்லை. பாத்து, பொருந்தாமல் போனால் நான் என்ன செய்யிறது? அப்பாட்டை அழுது, பாக்க விடாமல் வைச்சிருந்தனான். உங்கடை வீட்டுக்கு எத்தினை எண்டு சொல்லுறது எண்டு அப்பா கேட்டார். பத்தும் எண்டால் நம்பமாட்டினம், ஒன்பது எண்டு சொல்லுங்கோ எண்டனான்."

சிரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவளுக்குப் பக்கத்தில் படியில் போய் இருந்தேன். ஊரெல்லாம் நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த ஒன்பதையும் இவள்தான் எனக்குத் தந்திருக்கிறாள்.

பின்னேரம் போன் எடுத்தேன். "தம்பி, கிறீமையே போடும்." மூத்தவனைத் தம்பி என்று கூப்பிட்டதில் ஒரு சுகம் இருந்தது.

வேலை நன்றாகத்தான் செய்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். வெயிலுக்கு வைனல் விரியும் என்று ஒவ்வொரு ஆணியையும் இறுக்காமல் பார்த்துப் பார்த்து அடித்தான். கிறீம் நிறம் ஏற ஏற எங்கள் வீடு புதுவீடாகியது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "நல்ல நிறம், ஆர் தெரிஞ்செடுத்தது?" என்று ஒருவர் கேட்டார். நான் கேட்காதவன்போல உள்ளே வந்துவிட்டேன்.

மனைவி குசினியில் கேத்திலை அடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வயிறு இன்னும் எரியுதோ?"

"ஓம். எரியுது."

"நல்லா எரியட்டும்," என்றாள்.

வேலை முடியும்வரை அவனுக்குத் தேத்தண்ணி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், காஸ் ஸ்ரேசன் மக்கில். ஏணியடியில் அவனுக்குப் பக்கத்திலேயே நின்று, பொன்விளிம்புக் கப்பில் என்னுடையதைக் குடித்தேன்.