நாலாம் வரிக்குப் போன பதுளை

கலாராணி சின்னம்மா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஹாலிஎலைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் இருபத்து மூன்று வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தவர் எங்கள் தோட்டத்தில் அவர் ஒருவர்தான். பல்கலைக்கழகத்துக்கான உயர்தரப் பரீட்சை எழுதிய நாங்கள்கூட வாசிக்கவில்லை.

எங்களிடம்தான் சதீஸ்குமாரின் லிஸ்ட் இருந்ததே. விண்ணப்பத்தில் எந்தப் பாடநெறி முதல் விருப்பம், எது இரண்டாவது என்று வரிசையாகக் கொடுக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் பதுளைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான சதீஸ் தன் வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். அந்தத் தாள் தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகச் சுற்றியது. அதற்குப் பிறகு உயிரியல் படித்தவர்கள் எல்லோரும் அதையே எழுதினார்கள். முதல் வரி பதுளை. இரண்டு பேருக்கு அது கிடைத்ததும் அந்தத் தாளின் மதிப்பு இன்னும் கூடியது.

சின்னம்மாவின் மகள் சுதர்ஷினி என்னோடு படித்தவள். தாதியியல் பட்டம் படிப்பதுதான் அவள் ஆசை. ஆனால் பதுளை மாவட்டப் பிள்ளைகளுக்கான போன வருடத் தாதியியல் வெட்டுப்புள்ளிகளைவிட அவளுடைய இசட் புள்ளி, அதாவது உயர்தரத்தில் எடுத்த புள்ளி, கொஞ்சம் குறைவு. எட்டாததை மேலே போட்டால் எட்டுவதும் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். போனால் ஒரு வருடம் வீண். மறுபடி பரீட்சை எழுத வேண்டும்.

சின்னம்மாவின் கணவர் வீரய்யா சித்தப்பாவுக்குப் பதுளையே போதும். "சனி ஞாயிறு வீட்டுக்கு வந்துரலாம்ல?"

"வீட்டுக்கு வாரதுக்கா படிக்கப் போறா?" என்றார் சின்னம்மா.

"ஆமா, நீதான் கம்பஸ் முடிச்சவ."

"முடிக்கல. ஆனா புத்தகத்த முழுசா வாசிச்சிருக்கேன். நீங்க அட்டையத்தான பாத்தீங்க?"

விண்ணப்பம் அனுப்ப, ஹாலிஎலையில் கணினியில் அடித்துக் கொடுக்கும் ஷிபான் நானாவின் கொமினிகேஷன் கடைக்குச் சின்னம்மாவும் சுதர்ஷினியும் நானும் போனோம். என் விண்ணப்பமும் அன்றைக்குத்தான். நானா கணினியிலேயே அந்த லிஸ்ட்டை வைத்திருந்தார்.

"சதீஸோட லிஸ்ட் ரெடியா இருக்கு அக்கா. ரெண்டு நிமிஷ வேல."

"சதீஸுக்கு வேண்டியத சதீஸ் போட்டான் தம்பி. இவளுக்கு வேண்டியத இவ சொல்லுவா. நீங்க அடிங்க."

சுதர்ஷினி மூன்று பல்கலைக்கழகங்களின் தாதியியலை முதல் மூன்று வரிகளுக்குச் சொன்னாள். நாலாவது பதுளை. நானா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஒண்ணுமே கெடைக்காமப் போனா எனக்குத்தான் ஏச்சு."

சின்னம்மா கைநூலில் மடித்து வைத்திருந்த பக்கத்தை விரித்தார். தேயிலைக் கறை ஏறிய விரல் வரிசையின்மேல் இறங்கியது. "மேல இருந்து பாத்துட்டு வருவாங்க. மொத வரிக்குப் புள்ளி பத்தலன்னா ரெண்டாவது. அதுவும் காணலன்னா மூணாவது. மேல போட்ட குத்தத்துக்காக யாரும் புள்ளிய வெட்ட மாட்டாங்க. எந்த வரி கெடைக்குதோ அங்க நின்னுரும். அதுக்குக் கீழ இருக்கறது நமக்கு இல்ல. பதுளைய மொதல்ல போட்டு பதுளை கெடச்சிட்டா, இவ புள்ளி தாதியியலுக்குக் காணுமான்னு யாரும் பாக்கவே மாட்டாங்க."

நானா அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தார். "இது தெரியாமயா இத்தன புள்ளைகளுக்கு அடிச்சுக் குடுத்தேன்" என்றார் மெதுவாக. பிறகு சுதர்ஷினி சொன்ன வரிசையிலேயே அடித்தார். நானும் கடையில் என் முறைக்குக் காத்திருந்த இடத்தை விட்டு வெளியே வந்து, என் லிஸ்ட்டை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் "கம்பஸ் அம்மா வாராங்க, வழி விடுங்க" என்று பெண்கள் கேலி செய்தார்கள். "விடுங்க, விடுங்க" என்று சின்னம்மாவும் சிரித்துக்கொண்டே முன்னால் போவார். வீட்டில் மட்டும் அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி வாசித்தார் என்று சுதர்ஷினி பிறகு சொன்னாள்.

முடிவு வந்த அன்று சுதர்ஷினி, சின்னம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலைக்கே ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். முதல் வரி கிடைக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது கிடைத்திருந்தது: மட்டக்களப்பில் தாதியியல்.

தேயிலை நிரையில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். சின்னம்மா மகளின் தலையை ஒரு முறை தடவினார். "பதிவு எத்தனாம் தேதிக்குள்ளன்னு போட்டிருக்கு? அத வாசி மொதல்ல" என்றார்.